சிவப்பை அமுக்கிய விரல்

துணி மடிக்கிற வேலை ஒன்றுதான் இந்த வீட்டில் செசிலியை நம்பி விடப்பட்டிருந்தது. அதற்கும் ஒரு மெஷின் வந்துவிட்டால் அதையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தபடி மருமகள் பிரின்ஸியின் சுடிதாரை நெஞ்சோடு வைத்து நீவிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை, பகல் மூன்று மணி இருக்கும், மணியை எதைப் பார்த்துச் சொல்வது, சுவரில் கடிகாரமே கிடையாது, எல்லார் கையிலும் போன் இருக்கும்போது சுவரில் எதற்கு ஆணி என்று மகன் ஜெரால்ட் சொல்லிவிட்டான். துவைக்கிற மெஷின் வேலை முடிந்ததும் பாட்டுப் பாடுகிறது. ஃபிரிட்ஜ் கதவைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவைத்தால் அது கத்துகிறது. அடுப்பு, தீயே இல்லாத அந்தக் கண்ணாடி அடுப்பு, மேலே இருக்கிற பாத்திரத்தை எடுத்தால் போதும், கீ கீ என்று அழுகிறது. இந்த வீட்டில் எல்லாச் சாமான்களும் கூப்பிடுகின்றன, மனுஷர்தான் கூப்பிடுவதில்லை. முப்பத்திநாலு வருஷம் பாளையங்கோட்டையில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள், ஐம்பது பிள்ளைகள் ஒன்றாகச் சத்தம் போட்டாலும் எது நிஜமாக அழுகிறது, எது வீட்டுப்பாடம் எழுதாததற்காக அழுகிறது என்று கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே சொல்லிவிடுவாள், அந்தக் காதுக்கு இப்போது ஏழாம் மாடியில் கூப்பிடுவது அடுப்பா, போனா, பக்கத்து வீட்டு டிவியா என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. முழங்கால் கேட்கிறது, உனக்கு என்ன வேலை, உட்காரேன் என்று. உட்கார்ந்தால் மறுபடி ஒன்று கூப்பிடும். சுடிதாரின் இடுப்புப் பக்கம் பிரித்துவிட்டுத் தைத்திருந்தது. ஏழு மாசம். பாவம், அந்தப் பெண்ணுக்கு எதைக் கண்டாலும் பயம். ராத்திரி போனில் எதையாவது படித்துவிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள், ஹாலில் வெளிச்சம் தெரியும், என்னம்மா என்று கேட்டால், ஒண்ணுமில்ல அத்தை, பப்பாளி சாப்பிட்டேனான்னு யோசிச்சிட்டிருந்தேன் என்பாள். ஆபீஸ் போகும்போது வாசலில் நின்று மூன்று தடவை சொல்வாள், அத்தை, யாருக்கும் கதவைத் திறக்காதீங்க, ப்ளீஸ், நீங்க தனியா இருக்கீங்க, எனக்கு அங்க உக்காரவே முடியல. போன வாரம் செசிலி சொன்னாள், “என்னைத் தூக்கிட்டுப் போறவன் ரெண்டு நாள்ல அவனே கொண்டாந்து விட்ருவான், நீ கவலைப்படாதே.” பிரின்ஸி சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. பயந்தவளிடம் வேடிக்கை பேசக்கூடாது, அதுகூட இத்தனை வயசில் தெரியவில்லையே என்று அன்றைக்கு முழுக்கச் செசிலிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன் சோபாவில் கிடந்து அதிர்ந்தது. இது கேட்டிலிருந்து வருகிற கூப்பாடு, இந்த ஒன்றை மட்டும் அவள் பழகியிருந்தாள். இந்தக் குடியிருப்பில் யார் வந்தாலும் கேட்டில் செக்யூரிட்டி நிறுத்திப் போட்டோ எடுத்து வீட்டுக்காரர் போனுக்கு அனுப்புவார், பச்சையை அமுக்கினால் உள்ளே விடுவார், சிவப்பை அமுக்கினால் வந்த வழியே அனுப்பிவிடுவார். ஜெரால்ட் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருந்தான், அவள் அவனுக்கு அ எழுதச் சொல்லிக் கொடுத்ததைப் போல விரலைப் பிடித்து. “நாங்க சொல்லாம எதுவும் வராதும்மா. சொல்லாத ஆளா இருந்தா யோசிக்கவே யோசிக்காதீங்க, சிவப்பு.” இன்று எதுவும் வருவதாகச் சொல்லவில்லை. அவள் போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. படத்தில் வெயிலும் ஒரு நெற்றியும் தெரிந்தன, வெள்ளைச் சட்டை, யாரோ வயசாளி, முகம் இருட்டு. கீழே விசிட்டர் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது, பேர் இல்லை. ஏதோ ஆசிரமத்துக்கு நன்கொடை கேட்கிறவராக இருக்கும், இப்போதெல்லாம் வயசாளிகளைத்தான் அனுப்புகிறார்கள், இரக்கம் வரட்டும் என்று. இரக்கப்பட இங்கே யாருக்கு உரிமை இருக்கிறது. சிவப்பு. படம் போய்விட்டது. எவ்வளவு சுலபமாகப் போய்விடுகிறது ஒரு மனுஷன். அந்தக் காலத்தில் வாசலுக்கு வந்தவரை இல்லை என்று சொல்லி அனுப்ப எழுந்து போக வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், அவர் திரும்பி நடக்கிறவரை நிற்க வேண்டும், அந்தச் சிரமத்துக்குப் பயந்தே பாதிப் பேரை உள்ளே வரச்சொல்லிக் காப்பி கொடுத்தாள் அவள். ஜெரால்டின் சட்டைகளை எடுத்தாள். சுவரில் இருந்த இன்டர்காம் அடிக்க ஆரம்பித்தது. அடித்தது, அடித்தது. சிவப்பை அமுக்கியாயிற்று, இன்னும் என்ன, அந்த ஆள் செக்யூரிட்டியிடம் வாதாடுகிறார் போல. எழுந்திருக்கக் கையை ஊன்றினாள், முழங்கால் ஒரு குத்துக் குத்தியது, உட்கார்ந்துவிட்டாள். தானே நின்றது. இங்கே எல்லாம் தானே நிற்கும். சட்டைக் கையை உள்பக்கம் மடித்து, காலரை நீவி, இந்தப் பையன் அவன் அப்பாவைப் போலவே இடது தோளைச் சாய்த்துத்தான் நடக்கிறான், சட்டைகூட இடப்பக்கம்தான் சீக்கிரம் நைந்துபோகிறது, அவருக்கு அது போஸ்ட் ஆபீஸ் பை சுமந்ததால் வந்தது, இவனுக்கு எதனால், சுமக்காத பையின் பாரமும் பிள்ளைக்கு வந்துவிடுமா.

இஸ்திரிக்குக் கொடுத்த துணி இன்னும் வரவில்லை என்று நினைவு வந்தபோதுதான் அவள் எழுந்து போய் இன்டர்காமை எடுத்தாள். பத்து நிமிஷம் போயிருக்கும், இருபதுகூட ஆகியிருக்கும். செக்யூரிட்டி ஏழுமலை எடுத்தார், விழுப்புரத்துப் பக்கத்து மனுஷர், நல்ல மாதிரி, கிறிஸ்மஸுக்குக் கேக் கொடுத்தால் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இஸ்திரிக்காரர் வந்தாரா என்று கேட்டாள். வரலம்மா என்றவர், வைத்துவிடாமல் நின்றார். பிறகு சொன்னார், “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பெரியவரை நீங்க கீழ வந்தாவது ஒரு வார்த்தை பேசி அனுப்பியிருக்கலாம்.” எந்தப் பெரியவர். “அதாம்மா, நீங்க ரிஜெக்ட் பண்ணீங்களே. உங்க கூடப் பொறந்தவராமே. திருநெல்வேலியாம். தொம்மைன்னு பேர் சொன்னார்.” “சொல்லுங்க,” என்றாள், டீச்சர் குரலில், அந்தக் குரல்தான் வந்தது. “ரிஜெக்ட்னு வந்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா. இன்டர்காம்ல போட்டேன், நீங்க எடுக்கல. பையில ஒரு சேலை வெச்சிருந்தார், இதையாவது குடுத்துடுப்பான்னார். ரிஜெக்ட் ஆன ஆள் கையால பொருள் வாங்கக் கூடாதும்மா, இங்க கேமரா இருக்கு, என் வேலை போயிடும். அவர் ஒண்ணும் கோவிச்சுக்கல. கொஞ்ச நேரம் நின்னார். அவ சொன்னா சொன்னதுதான், சின்னப் பிள்ளையிலயே அப்படித்தான்னு சொல்லிச் சிரிச்சுட்டு நடந்துட்டார்.” எவ்வளவு நேரம் ஆச்சு. “போயிட்டாரும்மா. பஸ் ஸ்டாப்புக்கு ஆள் அனுப்பிப் பார்த்தேன், தாம்பரம் பஸ் ஏறிட்டாராம்.” ஏழுமலை இன்னும் ஏதோ சொன்னார், ரூல்ஸ் என்று ஒரு வார்த்தை, அம்மா என்று ஒரு வார்த்தை.

சொன்னா சொன்னதுதான். என்ன சொன்னாள் அவள். ஐந்து வருஷம் இருக்குமா, கொரோனாக் காலம், ஜெரால்டைப் பார்க்க இந்த ஊருக்கு வந்திருந்தபோது அவன் அப்பாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலாம் நாள் முகத்தை ஒரு தடுப்புக்கு அப்பால் காட்டினார்கள், கல்லறைக்குப் பத்துப் பேர்தான் போகலாம் என்றார்கள், பத்துப் பேரில் ஆறு பேர் யாரென்றே அவளுக்குத் தெரியாது. புருஷன் போனால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும், உடன்பிறந்தவன் கொண்டுவந்து தோளில் போட வேண்டும், அது சேலை மட்டும் இல்லை, உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று அழுதுகொண்டு வாயால் சொல்ல முடியாததைத் துணியால் சொல்வது. கோயில் வேறு, இது வேறு, சாமியாரும் இதைத் தடுத்ததில்லை. அவள் முப்பது நாள் காத்திருந்தாள். கதவு ஒவ்வொரு தடவை தட்டப்படும்போதும் தோளைச் சரிசெய்துகொண்டாள். அண்ணன் வரவில்லை. பாஸ் கிடைக்கவில்லை என்று போன் வந்தது. முப்பதாம் நாள் பூசையும் போனில்தான் பார்த்தாள், ஒரு சின்னக் கட்டத்துக்குள் சாமியார், இன்னொரு கட்டத்துக்குள் அண்ணன், ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அது முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு அவள் சொன்னாள், கோடி போட வராத அண்ணன் இனி என் வாசப்படி மிதிக்க வேண்டாம். அவர், ஏட்டி செசிலி, ஏட்டி, என்று இரண்டு தடவை சொன்னார். அவள் வைத்துவிட்டாள். பின்னால் அண்ணன் மகள் செய்தி அனுப்பினாள், அத்தை, அப்பாவுக்கும் அப்போ காய்ச்சல்தான், உங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க, நீங்க பயந்துருவீங்கன்னு. அதைப் படித்தாள். பதில் எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை, அதுதான் கேவலம், கோபம் அன்றைக்கே போய்விட்டது, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, நாளைக்கு எழுதலாம் என்று வைத்தாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளை வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போடுவதைப் போல. அதற்கப்புறம் போன் மாறிற்று, நம்பர் மாறிற்று, வீடு மாறிற்று, ஜெரால்ட் மட்டும் கிறிஸ்மஸுக்கு அண்ணன் மகளுக்கு வாழ்த்தும் விலாசமும் பிரின்ஸி உண்டாகியிருக்கிற சேதியும் அனுப்பியதாகச் சொன்னான், சரி என்றாள். இப்போது அந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு எழுபத்தெட்டு வயசில் வந்திருக்கிறார், வாசப்படியை மிதிக்கக்கூட இல்லை, வாசப்படி ஏழு மாடி உயரத்தில் இருக்கிறது, கேட்டிலேயே அவள் சொல் அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு கையை விரித்திருக்கிறது.

நான் அமுக்கவில்லை என்று சொல்ல முடியாது. அமுக்கியது இந்த விரல்தான், வலது கைப் பெருவிரல், சாக்பீஸ் பிடித்துப் பிடித்து நகத்தோரம் காய்ப்பு ஏறிய விரல். பார்க்காமல் அமுக்கினேன். பார்த்தேன், பார்த்துத்தான் அமுக்கினேன், ஆனால் தெரியவில்லை. தெரியவே இல்லையா. அந்த நெற்றி. மேட்டு நெற்றி, நடுவில் ஒரு பள்ளம், அப்பாவுக்கும் அதே பள்ளம். படம் வந்த அந்த ஒரு கணத்தில் இது யார் சாயல் என்று மனசில் ஏதோ ஓடியதே, ஓடியதா, இல்லை இப்போது தெரிந்ததால் அப்போது ஓடியதாகத் தோன்றுகிறதா. நன்கொடைக்காரர் என்று எவ்வளவு அவசரமாக முடிவுகட்டினாள். கண்ணாடி நாலு அடி தூரத்தில் இருந்தது. கண்ணாடியை எடுக்காமல் விட்டது முழங்காலா, வேறு எதுவுமா. பத்து வயசில் அவள் அண்ணனோடு பேச மாட்டேன் என்று சபதம் போட்டு ஒரு தவக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தாள், தன் பேனாவை அவர் உடைத்ததற்காக, ஈஸ்டர் அன்றைக்கு அவரே வந்து பாதி வாழைப்பழத்தை உரித்து நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டு அப்போதும் பேசவில்லை, பேச ஆசையாக இருந்தது, வாய் திறக்கவில்லை. அப்படி ஒரு வாய் விரலுக்கும் இருக்குமோ. பயமாக இருந்தது அவளுக்கு. செத்துப்போவதற்கு இல்லை, அதற்கு அவள் எப்போதோ ஆயத்தமாகிவிட்டாள், தனக்குள் தனக்குத் தெரியாமல் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு சிவப்பு, சிவப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளோ என்று. ஜெரால்டைக் கூப்பிடலாம், மீட்டிங்கில் இருப்பான், கட் பண்ணுவான். பிரின்ஸியைக் கூப்பிட்டால் அந்தப் பெண் பதறிவிடும், வயிற்றுப் பிள்ளையோடு ஆட்டோ பிடித்து வந்துவிடும். தாம்பரம் பஸ். இந்த நேரம் மேடவாக்கம் தாண்டியிருக்கும். தாம்பரத்தில் ரயில், ரயிலில் ஏறிவிட்டால் திருநெல்வேலி, திருநெல்வேலியில் போய்த் தன் மகளிடம் அவர் என்ன சொல்வார். ஒன்றும் சொல்ல மாட்டார், பாத்தேன், நல்லா இருக்கா என்று சொல்வார். அதுதான் தாங்காது.

மறுபடி இன்டர்காமை எடுத்தாள். வருகிறவர்கள் எல்லாரிடமும் நம்பர் வாங்குவீர்களே ஏழுமலை, அந்த நம்பரைச் சொல்லுங்கள். அவர் தயங்கினார். “விசிட்டர் நம்பரை வெளிய சொல்லக்கூடாதும்மா.” அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. “எழுதிக்கங்கம்மா,” என்றார். செய்தித்தாளின் ஓரத்தில் எழுதினாள், ஒவ்வொரு எண்ணையும் பிரித்துப் பிரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு. போன் அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள், தெரியாத நம்பரை எடுக்காதீங்கப்பா என்று. இரண்டாம் தடவை எடுத்தார். பஸ் சத்தம், கண்டக்டர் விசில், யாரோ ஒரு பெண் சீட்டுக்காகச் சண்டை போடுகிறாள். “யாரு?” என்றார். குரல் மெலிந்திருந்தது, ஆனால் அந்த யாரு அப்படியே இருந்தது.

“அண்ணே, செசிலி.”

விசில் இன்னொரு தடவை அடித்தது. “சொல்லுட்டி,” என்றார்.

அவள் சொன்னாள். போனைப் பற்றிச் சொன்னாள், பச்சையைப் பற்றி, சிவப்பைப் பற்றி, ஜெரால்ட் சொல்லிவைத்ததைப் பற்றி, கண்ணாடி ஃபிரிட்ஜ் மேல் இருந்ததைப் பற்றி, படத்தில் முகம் இருட்டாக இருந்ததைப் பற்றி, பேர் போடாததைப் பற்றி, முழங்காலைப் பற்றி. ஒவ்வொன்றும் நிஜம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க அடுக்க எல்லாம் பொய்யாக ஆகிக்கொண்டு வந்தது, அவள் காதிலேயே பொய்யாகக் கேட்டது, வகுப்பில் இந்தக் குரலை எத்தனை தடவை கேட்டிருக்கிறாள், டீச்சர், நோட்டை மாடு தின்னுட்டு டீச்சர். அவள் மூச்சு வாங்க நின்றபோது, “போட்டும், போட்டும்,” என்றார். “நீ இவ்வளவு சொல்ல வேண்டாம். அன்னைக்கு நீ பேசினதுல தப்பில்ல. எப்படியாவது வந்திருக்கணும் நான். நடந்தாவது வந்திருக்கணும்.”

“இல்லண்ணே, நான் சொல்லுதது அதில்ல. இன்னைக்கு நடந்தது…”

“எனக்கு ஒம்மேல கோவம் இல்லட்டி. அதைச் சொல்லத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தேன். வாசல்ல வெச்சுச் சொல்லலாம்னு பாத்தேன். இப்பச் சொல்லியாச்சுல்லா.”

மன்னித்துவிட்டார். அவள் செய்யாத ஒன்றுக்காக, அல்லது அவளுக்குத் தெரியாமல் செய்த ஒன்றுக்காக, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மன்னித்துவிட்டார். இன்னும் விளக்கலாம். கேட்டுக்கு வரச்சொல்லி ஏழுமலையைச் சாட்சி சொல்லவைக்கலாம், ஜெரால்டைவிட்டுப் பேசச்சொல்லலாம், கடைசியில் அவர் நம்பிவிடவும் கூடும். நம்பினால் அவருக்கு என்ன மிச்சம். தங்கச்சி கோபித்துத் திருப்பி அனுப்பினாள் என்றால் அதில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். போன் திருப்பி அனுப்பியது என்றால் ஒருத்தரும் இல்லை, வெயிலில் நின்றது வீண், சிரித்தது வீண், இந்த மன்னிப்பைக் கொண்டுபோய் எங்கே வைப்பார் அவர்.

“ஆமாண்ணே,” என்றாள். “நாந்தான் அமுக்கினேன்.”

“தெரியும்ட்டி.” அவர் குரல் லேசாயிற்று, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததைப் போல. “ஒன்னை எனக்குத் தெரியாதா.”

“எறங்குங்கண்ணே. எந்த ஸ்டாப்பா இருந்தாலும் எறங்குங்க, நான் ஆட்டோ பிடிச்சு வாறேன்.”

“இப்ப எறங்கினா ரயிலு போயிரும். மருமவன் ஸ்டேஷன்ல காத்துக்கெடப்பான். அடுத்த தடவ வாறேன். பிரின்ஸிக்குப் பிள்ளை பொறக்கட்டும், வாறேன்.” அடுத்த தடவை. பஸ் எங்கோ நின்று, மறுபடி கிளம்பியது.

“சேலை என்ன நெறம்ணே?” என்று கேட்டாள் செசிலி.

“வெள்ளை எடுக்க மனசு வரலட்டி. கடைக்காரன் அதைத்தான் காட்டினான். சாம்பக் கலர்னு வெச்சுக்கயேன், ஓரத்துல கத்தரிப்பூ நெறத்துல ஒரு வரி, மெலிசா. பருத்தி. ஒனக்குப் பட்டு ஆகாதுல்லா, கழுத்துல அரிக்கும்பியே.” உறையின் பிளாஸ்டிக் சரசரத்தது, அவர் அதைப் பையிலிருந்து எடுக்கிறார், யாரோ, பெரியவரே, பாத்து, என்றார்கள். “அஞ்சு வருஷமா பீரோவுலதான் கெடந்துச்சு. மடிப்பு மாத்தி மாத்தி வெச்சா ஒங்க மைனி, இல்லன்னா மடிப்புலயே கிழிஞ்சிரும்னு. இங்க கூட்டமா இருக்கு, விரிச்சுப் பாக்க முடியல. நான் போட்டுட்டதா நெனச்சுக்க. இந்தா, போடுதேன்.”

செசிலி மடித்த துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டு தலையைக் குனிந்தாள். தோளைக் கொஞ்சம் தாழ்த்தினாள், அவர் அவளைவிடக் குட்டை, எட்டாது. காதில் பஸ்ஸின் இரைச்சல் மட்டும் வந்தது. அவர் ஏதாவது சொல்வார், போட்டாயிற்று என்றோ நிமிரு என்றோ, என்று அவள் காத்திருந்தாள். லைன் இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்க்கப் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. குனிந்த தலையோடு அப்படியே நின்றாள்.